வயல் பக்கம் திரும்பிய குழாய்

அறுபதுகளில், கீரப்பாளையத்துக் கல்யாண வீடு. மைக்செட்காரர், நாட்டுப்புறப் பாடகி ஒருத்தியின் புது இசைத்தட்டைக் கடலூரில் வாங்கிவந்து போட்டார்.

"சினிமாப் பாட்டு போடுய்யா!" பந்தலே கத்தியது.

கோபம் வந்தால் காதில் செருகிய பீடியை மறுகாதுக்கு மாற்றுவார். மாற்றினார். வேப்பமரத்தில் ஏறி, ஒலிபெருக்கிக் குழாயை வயல் பக்கம் திருப்பினார்.

"நடவுப் பாட்டு மாமா. நடுறவுங்க சொல்லட்டும்" என்றார் என்னிடம்.

வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி கத்தினாள்: "வேகம் ஜாஸ்தி! அவ நாத்து நட்டிருக்காளா?"

பீடி மறுபடி காது மாறியது. தட்டின் வேகத்தைக் குறைத்தார். பாடகிக்கு ஆண்குரல் வந்துவிட்டது.

"பாட்டே கெட்டுப்போச்சேய்யா!" என்றேன்.

"அங்க பாருங்க மாமா."

பெண்கள் சிரித்துக்கொண்டே குனிந்தார்கள். எல்லாக் கைகளும் தாளத்தோடு சேற்றில் இறங்கின.

கடைசிப் பந்தி முடியும்வரை நாங்கள் கத்தினோம். குழாய் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.