கப்பலுக்குப் போட்ட மாலை

சினியோராவின் வீட்டில் எனக்கு முதல் நாளே பிடிக்காமல் போனது சுவரில் தொங்கிய கப்பல் படம்தான். சாப்பாட்டு மேசைக்கு நேரே, ஒரு கதவளவு சட்டத்துக்குள் நின்றது. தூசி துடைக்க ஏணி போட்டு ஏற வேண்டும். ஜன்னலைத் திறந்தால் கீழே பலேர்மோ துறைமுகம். நாப்போலிக்குப் போகும் கப்பல் முழுதாக நிற்கும். பிறகு எதற்குச் சுவரிலும் ஒன்று என்று புறுபுறுத்துக்கொண்டே துடைப்பேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சினியோரா என்று நான் கூப்பிட்ட அந்த இத்தாலிய அம்மாவுக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவரைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து, அங்கேயே படுத்து எழும்புவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு விடுமுறை. அன்றைக்கும் போக்கிடம் இல்லை.

கப்பலுக்குக் கீழே சின்னதாக இன்னொரு படம் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட இளைஞன், கையில் தட்டு. சினியோராவின் கணவர். அந்தக் கப்பலில் முதலாம் வகுப்புப் பயணிகளுக்குச் சாப்பாடு பரிமாறியவர்.

கப்பலின் கதையை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேனோ தெரியாது. புதுக் கப்பல். தென்னமெரிக்காவுக்கு ஓடியது. சாப்பாட்டு மண்டபத்தின் சுவரெல்லாம் கண்ணாடியாம், மேல்தட்டில் நீச்சல் குளமாம். எந்த அலையிலும் தன் கணவரின் தட்டிலிருந்து ஒரு சொட்டு சூப் சிந்தியதில்லை என்பார். கல்யாணமான புதிதில் அது பலேர்மோவுக்கு வந்து நின்றபோது, அவர் மனைவியைப் பின்படிக்கட்டால் ஏற்றி, ஒரு சீமாட்டியின் நாற்காலியில் இருத்தி ஐஸ்கிரீம் கொடுத்திருக்கிறார். அந்த ஐஸ்கிரீமின் ருசியை இன்றைக்குச் சாப்பிட்டதுபோல் சொல்லுவார்.

நல்லாக ஓடியது சில வருடங்கள்தான். உலகச் சண்டை தொடங்கியதும் கண்ணாடிகளைக் கழற்றி, சாம்பல் நிறம் பூசி, நாற்காலி இருந்த இடமெல்லாம் சிப்பாய்களை அடைத்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். பரிமாறுகிறவர்களையும் இறக்கவில்லை. ஒரு காலையில் குண்டு பட்டு, ஒருவர் கோப்பி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் மூழ்கிவிட்டது. சிலரை மீட்டார்கள். அவர் அதில் இல்லை. காணாமல் போனவர் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்தது.

என் கதைக்கு அவ்வளவு நீளம் இல்லை. என் கணவர் இத்தாலிக்கு வரவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, கடலேரியை, எங்கள் களப்பை, கடக்கப் படகேறினார். படகு கரை சேரவில்லை. மூழ்கியது என்றார்கள். இல்லை, நேவிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும் சொன்னார்கள். நான் அவருக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தேன். அவருடைய படத்தைச் சுவரில் மாட்டப் பயந்து, சேலைகளுக்கிடையில் வைத்திருந்தேன். எங்கள் ஆட்களின் வீடுகளில் தனியாகச் சுவரில் தொங்குகிறவர்கள் எல்லாரும் செத்து மாலை விழுந்தவர்கள்.

அந்த ஐப்பசியில் கொழும்பில் இருந்த மாமியுடன், என் கணவரின் தாயுடன், தொலைபேசியில் கதைத்தபோது, அவர் சுற்றி வளைக்கவில்லை.

"அவன் காணாமல் போய் ரெண்டு வருசமாச்சுது பிள்ளை. தர்ப்பையிலை அவன்ரை உருவம் செய்து எரிச்சு, செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டியையும் முடிப்பம். ஐயரோடை கதைச்சாச்சு. நீ ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளே மகனைச் செத்தவனாக்க நிற்கிறாள் என்று நினைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஓம் என்றால் அன்றைக்கே தாலி கழற்ற வேண்டும், பொட்டை அழிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு, எங்கள் ஆட்கள் இருக்கிற பிரான்காச்சோப் பகுதியில், பெரியவளான ஒரு பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. ஆலத்தி எடுக்க ஆள் குறைந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். தட்டைக் கையில் எடுத்துவிட்டேன். ஒருத்தி பிள்ளையின் தாயிடம் காதோடு ஏதோ சொன்னாள். "அக்கா, குறை நினையாதேங்கோ, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ" என்று தாய் தட்டை வாங்கினாள். சுமங்கலிகள் மட்டும் எடுக்கிற ஆலத்தி. கைம்பெண் என்று என்னோடு இருந்து அழவும் ஒருவரும் வந்ததில்லை, சுமங்கலி என்று சேர்க்கவும் மனம் வரவில்லை. ஒரு வாய் சோறும் இறங்காமல் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

சில நாளில் இத்தாலியர்கள் தங்கள் செத்தவர்களுக்குப் பூக்கொண்டு போகும் நாள் வந்தது. தெருமுனையெல்லாம் செவ்வந்தி. ஊர் முழுக்கக் கல்லறைக்குப் போக, போக ஒரு கல்லறை இல்லாத சினியோரா மட்டும் ஜன்னலோரம் இருந்தார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. செவ்வந்தி வாங்கி, குசினிக்குள் அமர்ந்து ஊசி நூலால் மாலை கோத்து, வெள்ளைக் கோட்டுக்காரருக்குப் போட்டேன். சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

சினியோரா பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. அவர் பேசியது இத்தாலியனில். என் காதில் நிற்பது தமிழில்.

"ஆரைக் கேட்டு உதைப் போட்டனீ?"

"செத்தவைக்கு நாங்கள் இப்பிடித்தான் போடுறது சினியோரா. கப்பல் மூழ்கித் தாண்டு போச்சுதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"கப்பல் தாண்டது உண்மை. அவர் தாண்டதை ஆர் கண்டது? கழட்டு. கழட்டிக் கப்பலுக்குப் போடு. அதுதான் செத்தது."

ஏணி வைத்து ஏறி, அந்தப் பெரிய சட்டத்தில் மாலையை மாட்டினேன். இறங்கும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்ப அவர் வந்தால் என்ன செய்வியள்?"

"அவருக்கு எண்பது கடந்திருக்கும். மூண்டு மாடி ஏற மாட்டார். நீதான் கீழை போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிவர வேணும்" என்றார். பகிடியில்லை. இதையெல்லாம் முன்னமே யோசித்து வைத்திருக்கிறார். ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த மேசையில் தனியாக இருந்து சாப்பிட்ட மனுசி. நாளைக்கு நானும் இப்படித்தானா என்று பயந்துபோனேன். அன்று முழுக்க அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வேலை செய்தேன்.

ஞாயிறு வந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் போய், தொலைபேசி அட்டையைப் போட்டு எண்களை அழுத்தினேன். ஓம் என்று சொல்லத்தான் போனேன். மாமியின் குரல் கேட்டதும் வாயில் வேறு வந்தது.

"வேண்டாம் மாமி. படகு தாண்டிருக்கலாம். அவர் தாண்டதை ஒருத்தரும் காணேல்லை. நான் கழட்ட மாட்டன்."

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"நீ சின்னப் பெட்டை" என்றார். "என்ரை பிள்ளையைக் காத்துக்கொண்டு நீ கிழவியாகக் கூடாது. உன்னை விட்டுவிடத்தான் கேட்டனான். எனக்காக இல்லை. அவன் உடுக்கிற சாரத்தை நான் இண்டைக்கும் தோய்ச்சுக் காயப்போட்டிருக்கிறன்."

அட்டையில் காசு முடியும்வரை நானும் தொலைபேசியை வைக்கவில்லை, மாமியும் வைக்கவில்லை.