சிவக்காமல் உருகிய மட்கார்ட்

கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் புனிதாவுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறை. பந்திங்கில் பிறந்தவள். இந்தத் தொழிலுக்கு வருவோம் என்று அவளே நினைத்ததில்லை. ஒரு பெரிய பட்டறையில் டெலிபோன் எடுக்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். ஒருநாள் ஆள் குறைகிறது என்று, பின்னால் வந்து ஒரு கதவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்தாள். அதற்குப் பிறகு அவள் டெலிபோன் பக்கம் திரும்பவே இல்லை.

லோரி மோதி நசுங்கியது, வெள்ளத்தில் மிதந்தது என்று எது வந்தாலும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "சரி, விட்டுட்டுப் போங்க" என்பாள். அப்படித்தான் மரியநாயகத்தின் லேண்ட் ரோவரையும் இறக்கச் சொன்னாள்.

மரியநாயகம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பிளாட்டில் மனைவி சாந்தமேரியோடு இருக்கிறார். இளவயதில் அரசாங்க ஏலத்தில் எடுத்த வண்டி அது. பகாங் காட்டுப் பாதையெல்லாம் அதில்தான் போய் வந்திருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் வண்டியைத் துடைப்பதுதான் அவருக்கு அடுத்த வேலை. ஒருநாள் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கக் கடைக்குள் நுழைந்திருக்கிறார். மழைக்காற்றில் சாலையோர மரம் வேரோடு சாய்ந்து வண்டியின் மேல் விழுந்துவிட்டது. கூரை கிழிந்து, முன்பக்க இடது மட்கார்ட் சப்பையாகிவிட்டது.

"மட்கார்ட் புதுசு கிடைக்குதே அங்கிள், அப்படியே மாட்டிடலாமே" என்றாள் புனிதா.

"வேணாம்மா. இதேதான் வேணும். கூரை போனா போகட்டும், வேற போட்டுக்கறேன். இந்த மட்கார்ட்ல கைய வச்சு வச்சு எனக்குப் பழகிப்போச்சு. கண்ண மூடிக்கிட்டு தடவினாலும் இது என் வண்டின்னு சொல்லுவேன்."

மட்கார்ட் அலுமினியம். இரும்பு மாதிரி இல்லை, ஒரு கையால் தூக்கலாம். புனிதா அதைக் கழற்றி, பெயின்டைச் சுரண்டி, மணல் மூட்டையின் மேல் வைத்து, மரச் சுத்தியலால் நசுங்கலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தாள். பாதிக்கு மேல் நன்றாகவே வந்தது. விளக்குக்கு மேலே இருந்த மடிப்பு மட்டும் இறுகிப்போய் அசையவில்லை. சூடு காட்டினால் இளகும் என்று அவளுக்குத் தெரியும். கேஸ் டார்ச்சைப் பற்ற வைத்தாள்.

இரும்பென்றால் முதலில் கறுக்கும், அப்புறம் சிவக்கும். சிவந்ததும் நெருப்பை எடுத்துவிட்டுத் தட்ட வேண்டும். இத்தனை வருடமும் இரும்புக்கே நெருப்பு வைத்த அவள் கண் அந்தச் சிவப்புக்காகவே காத்திருந்து பழகியது. அன்றும் காத்திருந்தாள். நிறம் மாறவே இல்லை. வெள்ளையாக, ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. இன்னும் கொஞ்சம் காட்டினாள். திடீரென்று அந்த இடம் ஈரத் துணிபோல் தொய்ந்தது. அவள் கையை இழுப்பதற்குள் சொத்தென்று கீழே விழுந்தது.

மட்கார்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாகத் தன் காலணி தெரிந்தது அவளுக்கு. சிமெண்டுத் தரையில் வெள்ளித் துளிகள் மினுங்கின. டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. பக்கத்து வண்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பாலன் அண்ணன்தான் ஓடிவந்து வால்வை மூடினார்.

"என்னம்மா ஆச்சு?"

புனிதா ஓட்டையின் ஓரத்தைத் தொடப் போனாள், அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

மதியமே மரியநாயகத்துக்குப் போன் போட்டாள். வந்தார். பார்த்தார். எப்போதும் மெல்லப் பேசுகிற மனிதர் அப்படிக் கத்துவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"மரம் விழுந்தும் தப்பிச்சத நீ கொன்னுட்டியே!"

மட்கார்டைத் தானே தூக்கிக்கொண்டு போய், வந்த டாக்சியிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார். வண்டி மட்டும் ஒரு பக்கம் வாய் பிளந்தாற்போல் பட்டறையில் நின்றது. வேலைக்கு நடுவே புனிதா அந்தப் பக்கம் பார்க்காமலே நடந்தாள்.

போர்ட் கிள்ளானில் அலுமினியப் படகுகளை வெல்டிங் வைத்து ஒட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே போய், "எனக்குத் தெரியல, கத்துக்குடுங்க" என்று கேட்டாள். சூடு காட்டுவதற்கு முன் துணி துவைக்கிற சவர்க்காரத்தைத் தேய்க்க வேண்டுமாம். அது பழுப்பாகும்போது நெருப்பை எடுத்துவிட வேண்டுமாம். இவ்வளவுதானா என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஓட்டையில் துண்டு வைத்து ஒட்டவும் அங்கேயே கற்றுக்கொண்டாள். உடைசல் தகடுகளை வாங்கி வந்து, ஓட்டை போட்டுப் போட்டு அடைத்துப் பழகினாள். கை நிதானப்பட்டதும் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் போனாள்.

கதவைத் திறந்தது சாந்தமேரி.

"உள்ள வாம்மா. அவரு குளிக்கிறாரு."

"ஆன்டி, அந்த மட்கார்ட நான் செஞ்சு குடுக்கறேன். அங்கிள்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

சாந்தமேரி குளியலறைப் பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "கட்டிலுக்கு அடியில இருக்கு. நீயே பாரு" என்றார்.

புனிதா குனிந்து போர்வையோடு வெளியே இழுத்தாள். போர்வையை விலக்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் போட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. அவளுடையதைவிடப் பெரியது. ஓரமெல்லாம் மெழுகுவர்த்திபோல் வழிந்து உறைந்திருந்தது.

"ஆன்டி... இது?"

"ஆன்லைன்ல என்னமோ ஒட்டுக்கம்பியும் கேஸ் டார்ச்சும் வாங்கினாரு. வீடியோவுல ரொம்ப ஈசின்னு காட்டினானாம். கீழ பார்க்கிங்ல வச்சு ஒட்டப் போனாரு. அன்னியிலருந்து சரியா சாப்பிடல. எங்கிட்டயே ஒளிச்சு வச்சாருலா."

குளியலறைக் கதவு திறந்தது. தோளில் துண்டோடு வந்த மரியநாயகம், தரையில் கிடந்த மட்கார்டையும் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புனிதாவையும் பார்த்து நின்றுவிட்டார்.

"சிவக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்மா" என்றார்.

"நானும் அப்படித்தான் அங்கிள்."

முதலில் சிரித்தது சாந்தமேரிதான். அவர் சிரிப்பை அடக்கப் பார்க்க, அது பெரிதாகி, மற்ற இருவரையும் தொற்றிக்கொண்டது. மரியநாயகம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அன்னிக்கு உன்ன அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார்.

மட்கார்ட் மறுபடி பட்டறைக்கு வந்தது. மரம் விழுந்து கிழிந்த கூரையை யாரும் தூக்கிப் போட்டிருக்கவில்லை. அதில் நசுங்காமல் இருந்த மூலையிலிருந்து புனிதா இரண்டு துண்டு வெட்டினாள். அதே வண்டியின் அலுமினியம். சவர்க்காரம் தேய்த்து, அது பழுப்பாகும்வரை சூடு காட்டி, வளைவுக்கேற்பத் தட்டி, சுற்றிலும் ஒட்டினாள். மரியநாயகம் நாற்காலி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அவள் நெருப்பைக் காட்டும்போதெல்லாம், "எடு, எடு, போதும்!" என்று பதறினார்.

"அங்கிள், நீங்க சத்தம் போட்டா எனக்கு வேல ஓடாது. போய் டீ குடிச்சிட்டு வாங்க."

போகவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

ஒட்டிய இடத்தை ராவி முடித்ததும், பெயின்ட் அடிக்கும் முன் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு இடத்திலும் விரல் நின்றது.

"தெரியுது."

"கைக்குத் தெரியத்தான் செய்யும் அங்கிள். கண்ணுக்குத் தெரியாது."

ஒட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்து இன்னொரு தரம் தடவினார். "சரி, பரவால்ல. அடி" என்றார்.

பாலன் அண்ணன் பழைய பச்சையையே கலந்து அடித்தார். இப்போது பழைய ஜீப், லேண்ட் ரோவர் வைத்திருக்கிறவர்கள் புனிதாவைத் தேடி வருகிறார்கள். அனுப்புவது பெரும்பாலும் மரியநாயகம்தான். அலுமினியத்தில் நெருப்பு வைக்கும் முன் இன்றும் அவள் சவர்க்காரத்தை இன்னொரு தடவை தேய்த்துக்கொள்கிறாள்.