பறங்கிப் பூவுக்குக் காவல்

ஜப்பான்காரன் காலம். பாலிங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், விடிந்ததும் விடியாததுமாக அண்ணி ஒரு பறங்கிப் பூவின் முன் குந்தியிருந்தார். பூவுக்குள்ளிருந்து வெளிவந்த தேனீயின் உடம்பெல்லாம் மஞ்சள் பொடி. அது எங்கே போகிறதென்று அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோயிருந்தார்கள். அண்ணியின் மடியில் நான்கு மாதக் குழந்தை. மரவள்ளிக்கிழங்கை மட்டுமே தின்று தாய்ப்பால் வற்றிக்கொண்டிருந்தது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் பின்னால் எல்லாரும் பறங்கி போட்டிருந்தோம். கொடி படர்ந்தது, பூத்தது. பிஞ்சுகள் மட்டும் எலுமிச்சை அளவுக்கு வருமுன்பே பழுத்து உதிர்ந்தன. மண் சரியில்லை என்றார்கள், கண்ணேறு என்றார்கள்.

தவறு எங்கள் சட்டியில் இருந்தது. அடியில் பிஞ்சு இல்லாத பூவை மலட்டுப் பூ என்போம். காய்க்காததை விட்டுவைப்பானேன் என்று, இருட்டோடு ஒன்றுவிடாமல் பறித்துக் கிழங்கோடு வேகவைத்தோம். சுடுகாட்டோரம் தானாக முளைத்த கொடியில் மட்டும் பயத்தால் யாரும் கைவைக்கவில்லை. அதில் இரண்டு காய்கள் பருத்திருந்தன. அண்ணி அங்கேதான் சில நாள் காலையில் போய் உட்கார்ந்து கவனித்தார். மலட்டுப் பூவில்தான் பொடி. அதைத் தேனீ சுமந்து போய்ப் பிஞ்சுள்ள பூவில் அப்பினால்தான் காய் நிற்கும்.

அன்றிலிருந்து எங்கள் கொடியில் பூப்பறிப்பது நின்றது. அரை வயிறு கால் வயிறானது. அம்மா முணுமுணுத்தார். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று, “என்னா தங்கச்சி, பூவுக்கு மாப்பிள்ளை பாக்குறியா? பறிச்சு ஆக்கித் தின்னுலா” என்றார். அண்ணி சிரித்ததோடு சரி. மழையில் தேனீ வராத காலைகளில், மலட்டுப் பூவின் இதழ்களைக் கிழித்துவிட்டு, உள்ளிருக்கும் தண்டை மற்றப் பூவுக்குள் தானே தேய்த்தார். வெயில் ஏறினால் பூ மூடிவிடும். குழந்தை அழுதாலும் அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

முதல் காயை அறுத்த அன்று, பாதியை எடுத்துக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனார். அவர்கள் கொடியில் அதுவரை ஒரு காய்கூட நிற்கவில்லை.

“இந்தாங்கக்கா. நாளையிலேருந்து நீங்களும் பூவ விட்டுவைங்க. இந்தப் பூச்சிக்கு உங்க வீடு எங்க வீடுன்னு தெரியாது.”

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கமும் பூக்கள் பறிபடாமல் விரிந்திருந்தன. அம்மா மிச்சப் பாதியை வேகவைத்து அண்ணிக்குக் கொடுத்தார். அண்ணி அதில் கொஞ்சம் மசித்துக் குழந்தையின் நாக்கில் தடவினார்.

அண்ணன் திரும்பி வரவில்லை. அந்தக் குழந்தை இப்போது அலோர் ஸ்டாரில் பேரன் எடுத்துவிட்டாள். பறங்கிக்காயைக் கண்டால் முகம் சுளிப்பாள். நான் வற்புறுத்துவதில்லை.