பீரங்கி வண்டியின் சின்னச் சக்கரங்கள்

கறையான் தின்ற அந்த மரச் சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. குறுக்கே ஒரு முழம்கூட இல்லை. கட்டை விரலால் அழுத்தினேன், ஓரம் உதிர்ந்து என் வேட்டியெல்லாம் தூள். இது மாதிரி இன்னொன்றும் இருந்தது. "இது எதுக்குடா ஆவும்? எதுத்த டீக்கடை அக்காவுக்கு அடுப்புக்குக் குடுத்துடுங்க" என்று என் ஆட்களிடம் சொன்னவன் நான்தான். இப்படிச் சொன்னதை மறைத்துவிட்டு மிச்சக் கதையைச் சொன்னால் என் மச்சானுக்கு நான் செய்கிற துரோகம். அதனால் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் குமராட்சிப் பக்கத்துக்காரன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. கடலூருக்கு வந்து லாரி கழுவினேன், லாரிக்கு ஆணி அடித்தேன், பிறகு லாரிக்கே பாடி கட்டினேன். இன்று சிதம்பரம் ரோட்டில் யாரை நிறுத்திக் கேட்டாலும் என் பட்டறைக்குக் கை காட்டுவார்கள். பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற லாரிகள் என் பட்டறை வாசலைத் தாண்டும்போது ஆரன் அடித்துவிட்டுத்தான் போகும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். சம்பாதித்த பெருமையைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் அந்தப் பீரங்கி என் பட்டறைக்கு வந்தது. கருமருந்து இட்டுச் சுடுகிற பழங்காலத்துப் பீரங்கி. கடலூர் முதுநகரில் ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்துக் கொல்லையில் பாதி மண்ணுக்குள் கிடந்ததாம். உள்ளே மருந்து ஏதும் இல்லை என்று அதற்குரியவர்கள் சோதித்துச் சொன்ன பிறகுதான் தூக்கினார்கள். அதைத் தாங்கிய மரவண்டி ஓட்டை உடைசலாகத் தனியே ஒரு சாக்கில் வந்தது. அந்தக் கட்டடத்தில் ஒரு காட்சிக் கூடம் திறக்கப் போகிறார்கள். பொறுப்பில் இருந்த அதிகாரி அம்மா, "பழையபடி எப்படி இருந்துதோ அப்படியே வேணுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. சிமெண்ட் மேடை கட்டி அதுமேல படுக்க வச்சிடலாம்னு சொல்றாங்க, எனக்கு மனசு வரல" என்றார். "முடியாதுங்கற வார்த்தை இந்தப் பட்டறையில கெடையாதும்மா" என்றேன் நான். அதோடு விட்டேனா? ஊர் முழுக்கச் சொன்னேன். கல்யாண வீட்டில் சொன்னேன், சலூனில் சொன்னேன், பழையபடி அப்படியே நிறுத்திக் காட்டுகிறேன் என்று.

மச்சான் என்று நான் சொல்வது என் மனைவியின் அண்ணனை. துறைமுகத்தில் விசைப்படகு கட்டுகிற தச்சர். எங்கள் இருவருக்கும் பொழுது போவதே ஒருவரை ஒருவர் வாருவதில்தான். "லாரிக்குப் பாடி கட்றதெல்லாம் ஒரு வேலையா மாப்ள? நாலு பக்கமும் பலகை அடிச்சாப் பொட்டி. நீ பெரிய சைஸுல அடிக்கற, அவ்ளோதான்" என்பார். "மரம் தானா மெதக்கும் மச்சான். இதுல உங்க வேலை என்னான்னுதான் எனக்குப் புரியல" என்பேன் நான். என் மனைவி தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பீரங்கி இறங்கிய அன்று அவரும் வந்திருந்தார். சாக்கைக் கொட்டச் சொல்லி, சக்கரங்களை வரிசையாக வைத்து, விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே ஒரு படகு வேலைக்காகப் பரங்கிப்பேட்டை போய்விட்டார்.

வேலை என்னவோ ராஜ வேலை. துரு வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக வந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எண்ணெய் காட்டித் துடைத்த பிறகு இரும்பு எருமைக் கன்று போலக் கருகருவென்று பளபளத்தது. வண்டிக்கு வேங்கை மரம் வாங்கினேன். இரண்டு பக்கப் பலகைகளையும் பழைய உடைசலை வைத்தே அளவெடுத்து, பின்பக்கம் படிக்கட்டு மாதிரி இறங்க வெட்டினேன். பீரங்கியின் பின்பக்கத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்கிற ஆப்பையும் அச்சு அசலாக இழைத்தேன். சக்கரத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. முன்னிரண்டும் பெரிது, பின்னிரண்டும் மூன்று விரல் அளவு சிறிது. பிற்காலத்தில் எவனோ அரைகுறை, கிடைத்த மரத்தில் பின்சக்கரம் செய்து மாட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். நாலு சக்கரமும் ஒரே அளவில் இல்லாத வண்டியை என் வாழ்நாளில் நான் வெளியே அனுப்பியதில்லை. பெரிய சக்கரத்தையே மாதிரி வைத்து நாலும் செய்தேன். சின்னதுகள் டீக்கடைக்குப் போய்விட்டன.

செயின் பிளாக் போட்டுப் பீரங்கியைத் தூக்கி வைத்ததும் அதன் வாய் தரையைப் பார்த்தது, வாத்தியாரிடம் அடி வாங்கிய பிள்ளை மாதிரி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். லாரிக்காரன் புத்தி, ஒன்று இடித்தால் இன்னொன்றைச் செதுக்கும். ஆப்பை எடுத்து இழைத்துத் தள்ளினேன். வாய் நிமிர்ந்தது. ரசமட்டத்தை மேலே வைத்தேன். நடுவில் வந்து நின்றது குமிழி. ஆட்களுக்கெல்லாம் டீ சொன்னேன்.

அதிகாரி அம்மா வருவதற்கு முதல் நாள் மச்சான் வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார்.

"பின்சக்கரம் எங்க மாப்ள?"

"கண்ணுக்கு முன்னாலதான இருக்குது."

"இது முன்சக்கரம். நாலு முன்சக்கரம் இருக்குது. பின்சக்கரம் எங்கன்னு கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இது உங்க படகு இல்ல மச்சான், தரையில நிக்கற வண்டி" என்றேன். "யாரு சொன்னா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் என்னை மொபெட்டில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனார். கரையில் கட்டியிருந்த ஒரு விசைப்படகின் மேல்தட்டில் என்னை நிற்க வைத்தார். ஒரு மக்கு தண்ணீரை மொண்டு நடுவில் ஊற்றினார். தண்ணீர் நிற்கவில்லை. இரண்டு ஓரத்துக்கும் ஓடி, துளை வழியே கடலில் விழுந்தது.

"தட்டு சமமா இருந்தா அலைத் தண்ணி எங்க போவும்? அதான் நடு மேடு, ஓரம் பள்ளம். இத்தினியூண்டு சக்கரம் வச்ச வண்டி மண்ணுல ஓடுமா? பொதைஞ்சிடும். பலகைத் தரையில ஓடுனது அது. கப்பல் பீரங்கி. கடலைப் பார்த்த மாதிரி ஓரத்துல நிக்கும். முன்சக்கரம் பள்ளத்துல, பின்சக்கரம் மேட்டுல. அதுக்குத்தான் முன்னால பெருசு, பின்னால சிறுசு. செஞ்சவன் முட்டாளு இல்ல மாப்ள."

நான் முப்பது வருடமாக லாரிக்குத் தட்டு போட்டவன், சமமாக இருப்பதுதான் சரி என்று நம்பியவன். திரும்பி வரும் வழியில் சின்னதுகளை டீக்கடைக்குக் கொடுத்ததைச் சொன்னேன். அவர் நேராக டீக்கடைக்குப் போனார். ஒரு சக்கரம் சாம்பலாகிவிட்டது. கொஞ்சம் கெட்டியாக இருந்த இன்னொன்றைக் கடைக்கார அக்கா தண்ணீர் டிரம்முக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். "குடுத்ததத் திருப்பிக் கேக்கற ஆளா நீங்க? ஊரெல்லாம் பெரிய மனுசன்னு சொல்லிக்கிறீங்களே" என்று அவர் என்னைத்தான் கேட்டார். மச்சான் இரண்டு செங்கல்லை வைத்து டிரம்மை நிமிர்த்திவிட்டுச் சக்கரத்தை உருவிக்கொண்டு வந்தார். பட்டறை பெஞ்சு மேல் வைத்தார். "செய்யி" என்றும் சொல்லவில்லை, "செய்யாத" என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அதிகாரி அம்மா வந்தார். பீரங்கியைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இவ்ளோ அழகா வரும்னு நெனைக்கவே இல்லீங்க. நாளைக்கே வண்டி அனுப்பட்டுமா?" என்றார். ஆட்கள் வரிசையாக நின்று என் வாயைப் பார்க்கிறார்கள். மச்சான் ஓரமாக நின்று தகரக் கூரையைப் பார்க்கிறார். 'அனுப்புங்கம்மா' என்று ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியப் போவதில்லை. ஊரெல்லாம் நான் அடித்த தம்பட்டமும் பொய்யாகாது. ஆனால் பழையபடி அப்படியே என்றல்லவா சொல்லியிருந்தேன்? இது பழையபடி இல்லை. இது என் இஷ்டப்படி.

"அனுப்பாதீங்கம்மா" என்றேன். "பின்சக்கரம் ரெண்டும் தப்பு. ஆப்பும் தப்பு. யாரு மேலயும் பழி போட முடியாது, நானே பண்ணது." அந்தப் பட்டறையில் என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. ஒரு பையன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டுவிட்டான்.

அந்த அம்மா கவலையோடு, "திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தானே இருக்கு" என்றார். அப்போதுதான் மச்சான் கூரையிலிருந்து கண்ணை எடுத்தார். "ஆறு நாள் போதும்மா" என்றார். அவருடைய படகு வேலையைப் போட்டுவிட்டு ஆறு நாளும் என் பட்டறையில் இருந்தார். பழைய சக்கரத்தை மாதிரி வைத்து அவர் கடைந்தார், நான் ஆப்பு இழைத்தேன். வாரிக்கொண்டேதான் வேலை செய்தோம். என் வாழ்க்கையில் நான் நன்றாகத் தூங்கிய ஆறு நாட்கள் அவை.

இப்போது மச்சான் சிதம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டி வலி, பஸ் ஏற முடிவதில்லை. நான்தான் மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். போகும் முன் காட்சிக் கூடத்துக்கு ஒரு நடை போய்ப் பீரங்கியைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். சமதரையில் நிற்பதால் வண்டி பின்பக்கம் கொஞ்சம் இறங்கித் தெரியும். வருகிறவர்கள் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள். நான் விளக்கம் சொல்வேன்.

போன மாதம் போனேன். பின்சக்கரம் இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொரு பலகைத் துண்டு. வண்டி சமமாக நிற்கிறது, பீரங்கி தரையைப் பார்க்கிறது. இந்த வயதில் மண்டிபோட்டு உட்கார்ந்து, கூடத்தில் இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு நெம்பச் சொல்லி, அந்தத் துண்டுகளை உருவினேன். புதிதாக வந்திருந்த வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"யோவ், யாருய்யா நீ? கோணலா நிக்குதேன்னு நாந்தான் முட்டுக் குடுத்து வச்சேன்."

யார் நீ என்று என்னை ஒருவர் கேட்டால் பட்டறை பெயரில் தொடங்கி கால் மணி நேரம் சொல்லக்கூடியவன் நான். அன்றைக்கு, "இதச் செஞ்சவரோட மாப்ள" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"அப்ப அவரயே வந்து நேராக்கச் சொல்லு. ஆபீசர் கேட்டா நாந்தான பதில் சொல்லணும்?" என்றார் அந்த ஆள்.

அங்கிருந்தே மச்சானுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் அடங்க வெகு நேரம் ஆனது.

"அந்த ஆள வுட்றாத மாப்ள, ஒம் பட்டறையிலேயே வேலைக்கி வச்சிக்க" என்றார். "ஒன்ன மாதிரியே இருக்கான்."