இருபது அடி மூன்று அங்குலம்

தேர்தல் சட்ட அமலாக்க அலுவலகத்தில் அவளுடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசலில் நிற்கும் காவலாளி முதல் மாடியில் உட்கார்ந்திருக்கும் ஆணையர் வரை எல்லோருக்கும் அவள் 'அங்குலம்'. வேட்பாளரின் பேனர் இருபது அடி நீளத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. தாண்டியிருக்கிறதா என்று ஏணி போட்டு ஏறி அளந்து பார்ப்பவள் அவள். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, எல்லாக் கட்சிக்காரர்களிடமும் பாரபட்சமில்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமல் இருந்ததில் கிடைத்த பட்டம் அது.

வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சோபா வாங்கப் போன கடையில் ஆறடி என்று அடித்துச் சொன்ன கடைக்காரர், இவள் கைப்பையிலிருந்து டேப்பை உருவியதுமே ஐந்தே முக்காலுக்கு இறங்கி வந்தார். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். "ஊருக்கெல்லாம் பவர் பார்த்துச் சொல்றேன், எனக்குத்தான் வீட்டுல ஒரு பவரும் இல்ல" என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள், மறுக்க மாட்டாள்.

இப்படிப்பட்டவளை ஒரே ஒரு பேனர் அழ வைத்தது. அது அவளுடைய சொந்த அண்ணனின் பேனர்.

அண்ணன் ஹார்டுவேர் கடைக்காரர். அப்பா போன பிறகு ஆணியும் பூட்டும் பெயின்ட்டும் விற்றுத் தங்கையைப் படிக்க வைத்தவர். இந்த வேலைக்கான விண்ணப்பத்தைக்கூட அவர்தான் தன் கையால் நிரப்பினார். அரசியலுக்கு வரும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை, இருந்திருந்தால் வேறு வேலைக்கு நிரப்பியிருப்பார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் ஆளுங்கட்சி சார்பில் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். கடைத்தெரு முனையில், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கும் அவருடைய பேனர் ஏறியது. மறுநாளே புகார் வந்தது. "சொந்த அண்ணன், வேறு யாரையாவது அனுப்புங்கள்" என்று அவள் எழுதியே கொடுத்தாள். ஆனால் ஆளுங்கட்சிப் பேனர் என்று கேள்விப்பட்டதும் அளப்பதற்கு இருந்த மற்ற இருவருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அவளே ஏணியில் ஏறினாள். இருபது அடி மூன்று அங்குலம்.

"மூணு அங்குலம்தானேம்மா" என்றார் அண்ணன், கீழே நின்றபடி.

"மூணு அங்குலம் மூணு அங்குலம்தாண்ணே."

பேனர் இறங்கியது. தேர்தலில் அண்ணன் ஜெயித்துவிட்டார், தங்கையிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அம்மாவும் அப்பாவும் இல்லாதவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள், அண்ணி எடுப்பாள். "அண்ணன் எப்படி இருக்காங்க?" "நல்லா இருக்காரும்மா." பின்னால் எங்கோ அவர் தும்முவது கேட்கும். நான்கு வருடத்தில் அண்ணனிடமிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அந்தத் தும்மல்தான். அதற்காகவே இன்னும் கொஞ்ச நேரம் அண்ணியிடம் பேச்சை இழுப்பாள்.

ஆனால் ஊர் பூராவும் அவர் ஒரு கதையைப் பரப்பிக்கொண்டிருந்தார். "அவ டேப்பு இழுபட்டு நீண்டுபோன துணி டேப்பு. அதுல அளந்தா கணக்கு வேற எப்படி வரும்?" இது காதுக்கு எட்டியதும் அவள் டேப்பைப் பரிசோதனைக்கு அனுப்பினாள். சான்றிதழ் வந்தது. அதைப் படித்துவிட்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கோப்புக்குள் வைத்து மூடினாள்.

இந்த வருடம் சட்டமன்றத்துக்கு ஒரு மசோதா வந்தது. யாருக்கும் கட்டுப்படாமல் தனியாக இயங்கும் அந்த அலுவலகத்தை உள்துறை அமைச்சரின் கீழ் கொண்டுவர வேண்டுமாம். அதாவது, இனிமேல் அமைச்சரின் பேனரை அளக்க அமைச்சரிடமே போய் அனுமதி கேட்க வேண்டும். கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார், பாவம்!

விவாதத்தன்று அதிகாரிகளுக்கான தடுப்புக்குள் ஆணையர் உட்கார்ந்திருந்தார். ஆமாம், இல்லை இரண்டையும் ஒரே தலையாட்டலில் சொல்லத் தெரிந்த மனிதர் அவர். பக்கத்தில் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு அங்குலம். எதிர்க்கட்சிகள் சுதந்திரம் என்றன, அமைச்சர் "தட்டிக் கேட்க ஆள் வேணாமா?" என்றார். பின்வரிசையில் மூன்று பேர் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணன் எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே, என் பேனரை அளந்தது நீண்டுபோன டேப்பு. அளந்த அதிகாரி யாருன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று அவளையே பார்த்தபடி சொன்னார். "இந்த அநியாயத்தை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது? மேல ஒரு அமைச்சர் இருந்தா கேட்டிருக்கலாம் இல்லையா?"

ஆளுங்கட்சி வரிசை மேசையைத் தட்டியது. டேப் சோதிக்கப்பட்டதா என்று சபாநாயகர் ஆணையரிடம் விவரம் கேட்டார். ஆணையர் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் அவளிடம் தள்ளி, "நீயே எழுதிடும்மா" என்று கிசுகிசுத்துவிட்டு, கூரையில் என்ன வேலைப்பாடு செய்திருக்கிறார்கள் என்று ஆராயத் தொடங்கினார்.

உள்ளதை எழுதினால் இத்தனை பேர் முன்னால் அண்ணன் மானம் போகும். அதற்குப் பிறகு தும்மல்கூடக் கேட்காது. 'விவரம் இல்லை' என்று எழுதலாம், இரண்டே சொல், யாரும் தோண்டித் துருவப் போவதில்லை. அலுவலகம் போனால் போகட்டும், அண்ணன் கிடைப்பாரே என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அளந்ததை அளந்தபடியே எழுதிப் பழகிய கை அது. அவளைக் கேட்காமலே எழுதியது. சீட்டில் இடம் போதவில்லை, திருப்பிப் போட்டும் எழுதியது.

சபாநாயகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "டேப் பத்தடிக்கு ஒரு அங்குலம் நீண்டிருந்தது உண்மை."

மேசைகள் உடையாததுதான் குறை. அமைச்சர் எழுந்து வந்து அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் நாலு பக்கமும் திரும்பித் தலையசைத்தார்.

"இருங்க, இருங்க. பின்பக்கமும் எழுதியிருக்கு" என்றார் சபாநாயகர். "நீண்டுபோன டேப் நீளத்தைக் குறைத்தே காட்டும். ஆகவே பேனரின் உண்மையான நீளம் இருபது அடி ஐந்து அங்குலம். இரண்டு அங்குலம் உறுப்பினருக்குச் சாதகமாகவே போயிருக்கிறது."

அவை விரல் விட்டுக் கணக்குப் போட்டது. முதலில் சிரித்தவர் எதிர்க்கட்சியின் கடைசி வரிசையில் இருந்த ஒரு பழைய தையல்காரர், அவருக்குத்தான் முதலில் புரிந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆளுங்கட்சிக்காரர்கள் மசோதாவின் நகலால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள், அதற்காவது அது பயன்பட்டது. தடுப்புக்குள் அங்குலம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதே அண்ணன் உட்கார்ந்திருந்தால் மசோதா தப்பித்திருக்கும். ரோஷம் அவரை உட்கார விடவில்லை. "மூணோ அஞ்சோ, விடுங்க! அன்னைக்கே நான் அமைச்சருக்குப் போன் போட்டேன். 'அந்த ஆபீஸ் என் கையில இல்லையே, இருந்தா அஞ்சு நிமிஷத்துல அந்தம்மாவை மாத்தியிருப்பேனே'ன்னு அவரே சொன்னார்! இந்தச் சட்டம் அப்பவே இருந்திருந்தா என் பேனர் இறங்கியிருக்குமா?"

அமைச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாற்பது பக்க உரையோடு எழுந்த எதிர்க்கட்சித் தலைவர் அதை மடித்துப் பையில் வைத்தார். "நாங்க சொல்ல வேண்டியதை மாண்புமிகு உறுப்பினரே சொல்லிட்டாரு. நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார். மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய அவசரத்தைப் பார்த்தால் அது திரும்பி வருகிற மாதிரித் தெரியவில்லை.

அலுவலகம் கொண்டாடியது. அவளுக்கு ஒரு வாய் தேநீர்கூட இறங்கவில்லை. சாயங்காலம் அந்த ஐந்தே முக்கால் அடி சோபாவில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. "உங்க அண்ணி" என்று கணவர் கொண்டுவந்து கொடுத்தார்.

"சொல்லுங்க அண்ணி."

பதிலுக்கு ஒரு தும்மல். பின்னால் எங்கோ இல்லை, காதுக்குப் பக்கத்திலேயே.

"ஏம்மா, எனக்கு ரெண்டு அங்குலம் விட்டுக்கொடுத்தியா?"

"நான் விடலண்ணே. டேப்பு விட்டுச்சு."

"நாலு வருஷமா தெரிஞ்சுவெச்சுக்கிட்டு ஏன் சொல்லல?"

"நீங்க எங்க பேசினீங்க, நான் சொல்றதுக்கு?"

கோபத்தை யார் மேலாவது காட்டியே தீர வேண்டும் போல அவர் சீறினார். "அந்த மாதிரி டேப்பை வித்தவன் எவன்? சொல்லு, அவனை ஒரு வழி பண்றேன்."

அவள் தயங்கினாள். "நம்ம கடையிலதாண்ணே வாங்கினது. நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. நல்ல சரக்குன்னு சொன்னீங்க."

அண்ணன் சிரித்தார். கடையில் அவள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய காலத்தில் கேட்ட அதே சிரிப்பு. அவளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நாளைக்கு வா. இரும்பு டேப்பு ஒண்ணு தரேன். ஜென்மத்துக்கும் நீளாது."

"வாங்க முடியாதுண்ணே. உறுப்பினருங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாது. சட்டம்."

அவர் பெருமூச்சு விட்டார். "சரிம்மா. டேப்பு வேணாம். நீ வா."