கிம்பால் போட்ட சிவப்பு மணி

லியாண்டர் கிம்பால் எங்களை வாழவைத்தவரா, கெடுத்தவரா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. எங்கள் அயோவா ஊருக்குப் பாலம் போட்டவர், பள்ளிக்கூடம் கட்டியவர், வேளாண் சங்கத்தை ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் தலைவராக இருந்தவர் அவர்தான். ஆப்பிள் நடுங்கள் என்று வீடு வீடாக வந்து வம்படியாக நடவைத்தவரும் அவரேதான். ஒரு வருஷம் வந்த பாழாய்ப்போன குளிர்காலத்தில் ஊரிலிருந்த ஆப்பிள் மரமெல்லாம் பட்டுப்போயின. என்னுடையது மட்டும் நாற்பது மரம்.

அடுத்து வந்த மார்ச்சில் சங்கத் தேர்தல். எங்கள் வழக்கப்படி அவரவர் வீட்டு மக்காச்சோளத்தில் ஒரு மணி கொண்டுவந்து பெட்டியில் போட வேண்டும். வெள்ளை மணி என்றால் தலைவர் நீடிக்கலாம், வேறு நிறம் என்றால் இறங்க வேண்டும். ரகசிய வாக்கெடுப்பாம்! யார் வீட்டு மணி எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவோம் நாங்கள்.

"என்ன எலிஹு, ஆப்பிள் பழுத்துருச்சா?" என்று சீண்டினான் பக்கத்துப் பண்ணை பர்டெட்.

"உன் மரத்துல காய்ச்சத முதல்ல தின்னுய்யா," என்றேன்.

என் சட்டையின் ஒரு பையில் மஞ்சள் மணி, இன்னொரு பையில் வெள்ளை. பெட்டிக்கு முன்னால் போனதும் கை வெள்ளையைப் போட்டுவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள்.

செயலாளர் என்பதால் எண்ணியதும் நான்தான். வெள்ளை பதினொன்று. மஞ்சள் பதினொன்று. கடைசியாக ஒன்று, ரத்தச் சிவப்பு. சிவப்பு மக்காச்சோளம் இந்த வட்டாரத்திலேயே கிம்பால் ஒருவர்தான் பயிரிடுகிறார். மனுஷர் தனக்கு எதிராகத் தானே போட்டிருக்கிறார்! அதை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டேன். சரிசமமாக விழுந்தால் பழைய தலைவரே நீடிப்பார்.

"சமமா இருக்கு," என்றேன்.

"இருபத்துமூணு பேர் இருக்கோம் எலிஹு. கையத் திற," என்றார் கிம்பால்.

திறந்தேன். பர்டெட்கூடத் தொப்பியைக் கழற்றினான். கிம்பாலின் தலைவர் பதவி அதோடு முடிந்தது.

வெளியே குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன். "உங்களுக்கென்ன பைத்தியமா தலைவரே?"

"ஒரு பேரிக்காய் ரகத்தப் பத்திப் படிச்சேன். எந்தக் குளிரையும் தாங்குமாம். தலைவரா இருந்தா உங்க வாசல்ல வந்து சொல்லாம இருக்க என்னால முடியாது. நான் சொன்னா நீங்களும் நட்டுருவீங்க. அதான் பயமா இருந்துச்சு."

ஏப்ரலில் நாற்பது மரத்தையும் வெட்டி வேரைப் பிடுங்கினேன். வெறும் நிலம். அதில் என்ன போடுவதென்று ஒன்றும் விளங்கவில்லை. கால் பாட்டுக்குக் கிம்பால் வீட்டுக்கு நடந்தது.

"அந்தப் பேரிக்காய்க் கன்னு எங்க கிடைக்கும் தலைவரே?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன், யாருக்காக என்றுதான் தெரியவில்லை.