மச்சினன் கையில் இருந்த கயிறு

என் இடது மணிக்கட்டில் கயிறு அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. சங்கு குளிக்கப் போய்ப் பட்டது என்றுதான் ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை நான் கிளப்பவில்லை.

எங்கள் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிப்பவன் தன் இடுப்பில் கட்டிய கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம்தான் கொடுப்பான். அக்காள் தாலி அறுபட எவனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. ஏழு வருஷம் என் கயிறு மச்சினன் கையில் இருந்தது. அடியிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், மேலே தூக்கிவிடுவான். மதுவிலக்கு வந்த பிறகு தருவைகுளம் பனங்காட்டிலிருந்து எனக்குத் திருட்டுச் சாராயம் கொண்டுவந்தவனும் அவன்தான். நானும் யோக்கியனில்லை, காலையில் அது உள்ளே போகாமல் எனக்குக் கை நடுக்கம் நிற்காது.

பனங்காட்டில் போலீஸ் புகுந்ததும் சரக்கு நின்றது. மூன்றாம் நாள் உடம்பு உதறி, வேர்த்துக் கொட்டியது. போர்வையில் நண்டு ஊர்கிறதென்று பொறுக்கிக்கொண்டிருந்தேனாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் குடி உண்டா என்று கேட்டிருக்கிறார். "அத்தானுக்கு அந்தப் பழக்கமே கெடையாது. வெறும் காய்ச்சல்தான்" என்று மச்சினன் சாதித்திருக்கிறான். மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா கொடுத்தார்கள். துள்ளிய என்னைக் கட்டிலோடு கட்ட, குளிக்கிற கயிற்றையே கொண்டுவந்து கொடுத்தவனும் அவன். மாலையில் வலிப்பு வந்து, கயிறு மணிக்கட்டை அறுக்க, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

காய்ச்சல்காரனுக்குக் கை இப்படி நடுங்காதே என்று டாக்டருக்குச் சந்தேகம். என் மனைவியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அவள் வாசலில் நின்ற தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாளாம்: "அவிய தெனமும் குடிப்பாவ டாக்டரய்யா. நின்னு மூணு நாளாச்சி."

உடனே கட்டை அவிழ்க்கச் சொன்னார். தூக்க மருந்து, வைட்டமின் ஊசி, சர்க்கரைத் தண்ணீர், அணையாத விளக்கு, பக்கத்தில் பேச்சுக்கு மனைவி. நாலைந்து நாளில் நண்டுகள் போய்விட்டன. இன்னும் ஒருநாள் கொய்னாவை நம்பியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாய் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த மச்சினன் தோளில் அதே கயிறு. "போலீசுக்குப் பயந்துட்டேன் அத்தான். நாளைக்குக் கடலுக்குப் போவமா?" என்றான். அதன்பின் கூலிக்கு வந்த ஒருவன்தான் எனக்குக் கயிறு பிடித்தான்.

போன கோயில் திருநாளுக்கு மச்சினன் வந்திருந்தான். பந்தியில் என் மகன் தழும்பைக் காட்டிக் கேட்டான். நான் வாய் திறக்குமுன் மச்சினனே, "அது கடல்ல பட்டதுல்லா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். என் மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். கடலடியில் என் ஒரு இழுப்பைக்கூடத் தவறவிடாதவன். அதனால்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேனென்கிறது. கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.